ராத்திரியைத் தேடிப் போன செங்கமலம்

திருத்துறைப்பூண்டியில் வைத்திலிங்கம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் யாரும் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் என்பார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

வைத்திலிங்கத்தின் மனைவி செங்கமலத்துக்குக் கவலைப்படுவது சமையல் மாதிரி, தினமும் மூன்று வேளை. அவள் மகள் பூங்கோதை இருப்பது நார்வே நாட்டின் வடகோடியில். தலைப்பிரசவம். நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று செங்கமலம் ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம் நேர்ந்திருந்தாள். பொழுது சாய்ந்து விளக்கேற்றும்வரை தண்ணீர் மட்டும்தான். எட்டு வெள்ளி ஊரிலேயே முடிந்தது. ஒன்பதாவது, பிரசவம் பார்க்கப் போகிற வழியில், ஸ்வீடனில் வந்து விழுந்தது.

மாப்பிள்ளை குணசீலன் ஸ்வீடனின் வடக்கே விமானம் இறங்குகிற இடத்தில் ஒரு வேனும் கூடாரமும் வாடகைக்கு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு நாள் வழி, ஊரைப் பார்த்தபடி வரலாம் என்று அவருக்கு எண்ணம். கூடவே ஒரு தாள். 'இருட்டியதும் வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டுத் தூங்குங்கள். இருட்டில் ஓட்டாதீர்கள். விடிந்த பிறகு கிளம்புங்கள்.' போன புரட்டாசியில் ஒரு நண்பருக்காக எழுதியது. பிரசவ அவசரத்தில் அதையே அனுப்பிவிட்டார். இது ஆனி மாதம், இங்கே இப்போது பொழுதே சாயாது என்று போனில் சொல்லத்தான் செய்தார். மாப்பிள்ளை ஊர்ப்பெருமை பேசுகிறார் என்று வைத்திலிங்கம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

வண்டி ஓட்டியது வைத்திலிங்கத்தின் தம்பி பக்கிரிசாமி. இருபது வருஷம் மினிபஸ் ஓட்டியவர். ஆகவே பஸ் நிறுத்தம் எங்கே தென்பட்டாலும் வேனை நிறுத்தி, இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஓர் இடத்தில் வெள்ளைக்காரப் பாட்டியம்மா ஒருவர் ஏறி, அடுத்த ஊரில் கையாட்டிவிட்டு இறங்கியும் போனார்.

சாயங்காலம் ஆறு ஆனது. எட்டு ஆனது. பத்து ஆனது. சூரியன் மாட்டிவைத்த சட்டை மாதிரி அங்கேயே தொங்கியது. செங்கமலம் மடியில் புளிச்சாதத் தூக்கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். கண் பஞ்சடைந்தது.

"நாம ஓடுறோம், அதுவும் கூடவே ஓடியாருது அண்ணி," என்றார் பக்கிரிசாமி. "நாம நின்னா அது பாட்டுக்குப் போயிடும்."

நின்றார்கள். சூரியன் மெல்லத் தாழ்ந்து வந்தது. செங்கமலம் ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்கில் திரியைப் போட்டாள். சூரியன் மலை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

வைத்திலிங்கம் நெடுநேரம் யோசித்தார். "மூணு பேரும் இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தா அது எப்படி எறங்கும்? நீயே பொடவை மாத்தறப்ப எங்களைத் திரும்பி நிக்கச் சொல்லுவியா மாட்டியா?"

செங்கமலத்துக்கு அது நியாயமாகப் பட்டது. மூவரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் ஆகியும் எதிரே விழுந்த தங்கள் நிழல் போகவில்லை. பிறகுதான் பக்கிரிசாமி காரணத்தைக் கண்டுபிடித்தார். பின்னால் ஏழெட்டுப் பனிமான்கள் சூரியனைப் பார்த்தபடி நின்றன. அவர் போய் ஒவ்வொன்றின் கொம்பையும் பிடித்துத் திருப்பப் பார்த்தார். மூன்றாவது மான் அவரையே திருப்பி விட்டது.

அடுத்த யோசனையும் வைத்திலிங்கத்துடையதுதான். சூரியன் மலைக்குப் பின்னால் போகாவிட்டால் நாம் மலைக்குப் பின்னால் போவோம் என்றார். போனார்கள். நல்ல நிழல். செங்கமலம் விளக்கேற்றி, கும்பிட்டு, தூக்கைத் திறந்து முதல் கவளத்தை உருட்டினாள். சூரியன் மலையின் மறுபக்கமாக வந்து எட்டிப் பார்த்தது. கவளம் தூக்குக்குள் திரும்பியது.

"விரதம் கெட்டா பிள்ளைக்கு ஆகாதுங்க," என்றாள். அழவில்லை. அழக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நார்வே எல்லையைத் தாண்டியதும், பெரிய சாலையை ஒட்டி, இப்போது வண்டிகள் போகாத பழைய மலைக்குகைப் பாதை ஒன்று இருந்தது. பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருந்ததால் பக்கிரிசாமி நிறுத்தினார். இறங்கிப் போய் உள்ளே பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, ராத்திரி இங்கதான் இருக்கு."

வேனை வெளியே விட்டுவிட்டு வெகுதூரம் உள்ளே நடந்தார்கள். மை இருட்டு. செங்கமலம் விளக்கேற்றிச் சாப்பிட்டாள். தூக்கில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. தாளில் எழுதியபடி கூடாரம் போட்டுத் தூங்கினார்கள்.

விழித்தபோது இருட்டு. விடியவில்லை என்று திரும்பிப் படுத்தார்கள். மறுபடி விழித்தார்கள், இருட்டு. இந்த ஊரில் பகல்தான் நீளம் என்று நினைத்தேன், ராத்திரியும் நீளம்தான் என்றார் வைத்திலிங்கம். கடிகாரத்தில் மணி எட்டு. காலை எட்டா, ராத்திரி எட்டா என்று கேட்டதற்கு, விடியாததால் ராத்திரி எட்டு என்று முடிவானது. மகளுக்கு வலி எடுத்திருக்குமோ என்று செங்கமலம் தவித்தாள். குகைக்குள் போனும் எடுக்கவில்லை. இருட்டில் கிளம்பவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டார்ச் வெளிச்சத்தோடு மாப்பிள்ளை வந்து நின்றார். இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆளில்லாத பஸ் நிறுத்தங்களில் நின்று நின்று போன வேனை வழிநெடுகப் பார்க்காதவர்களே இல்லை.

"அத்தை, நேத்து ராத்திரி பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் சௌக்கியம். கிளம்புங்க."

செங்கமலம் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். வைத்திலிங்கம் மட்டும் அசையவில்லை. "விடியட்டும் மாப்பிள்ளை. நீங்க எழுதினதுதானே."

குணசீலன் அவரைக் கையைப் பிடித்துக் குகை வாசலுக்கு அழைத்துப் போய்ச் சூரியனைக் காட்டினார். வைத்திலிங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அது வெள்ளிக்கிழமைச் சூரியன் மாப்பிள்ளை. இன்னும் சாயவே இல்லை. அது போனாத்தானே அடுத்தது வரும்."

பக்கிரிசாமி ஆமாம் என்றார். மாப்பிள்ளை ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பேத்தி பிறந்தும் பார்க்க முடியாமல் போகுமோ என்று செங்கமலம் கவலைப்பட்டாள். திடீரென்று அவளுக்குப் பொறி தட்டியது.

"என்னங்க, அப்படின்னா வெளியே இன்னும் வெள்ளிக்கிழமைப் பகல்தானே? பகல்ல ஓட்டக் கூடாதுன்னு தாள்ல இல்லையே."

தாளை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார்கள். இல்லைதான். கூடாரத்தைச் சுருட்டினார்கள்.

அணையாமல் எண்ணெய் ஊற்றி வந்த விளக்கை அணைக்கட்டுமா என்று பக்கிரிசாமி கேட்டதற்கு, அங்கேயே எரியட்டும் என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். பிறகு மாப்பிள்ளையைத் தனியாக அழைத்தாள்.

"வழியை நல்லாப் பாத்து வச்சுக்குங்க மாப்பிள்ளை. பச்சப்புள்ளை தூங்கணும்ல. தினமும் ராத்திரிக்கு இங்கதான் தூக்கிட்டு வரணும்."