நாலு பந்தல்காரர்களும் மூணாவது ரூமும்

சொக்கனாம்பாளையத்துப் பந்தல்காரர்கள் நாலு பேரைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாமலே கேளுங்கள், கதைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாலு பேரில் தெய்வசிகாமணிக்கு முப்பத்துமூன்று வயது. பதினேழு ஜாதகம் தட்டிப்போய், பதினெட்டாவதாகப் பொருந்தியவள் கோகிலவாணி. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கோயமுத்தூர் மால்ல உடம்புக்கும் மூளைக்கும் பரீட்சை வெக்கற எடம் ஒண்ணு இருக்குதுங்க. மூணு ரூமு. எங்க அண்ணனுங்க மூணு பேரும் முடிச்சுட்டாங்க. நீங்களும் முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பூ வெச்சுக்கலாம்."

பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தெய்வசிகாமணிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பரீட்சை என்றாலே அவனுக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம்தான் வரும். தனியாகப் போகப் பயந்து, கூட்டாளிகள் சென்னியப்பன், கிட்டுசாமி, அவிநாசி மூவரையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினான்.

அங்கே ஷெரின் என்ற பெண் செல்போன்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசினாள். முதல் அறையில் தரை முழுக்கச் சிவப்பு விளக்கு.

"கீழ இருக்கறது எரிமலைக் குழம்பு. தரையில கால் படாம அந்தப் பக்கம் போகணும்."

மேலே தொங்கிப் போக வளையங்கள் இருந்தன. அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நால்வரும் கூடி நின்று ஆலோசித்தார்கள்.

"கால்தானப்பா படக்கூடாது?" என்றான் சென்னியப்பன்.

"கால்னுதான் சொன்னாங்க. முதுகைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலை" என்றான் கிட்டுசாமி.

நாலு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிக்கொண்டு, "அரோகரா" என்று அங்கப்பிரதட்சணமாக உருண்டார்கள். உருள ஆரம்பித்தபின் ஒரு சுற்றோடு நிறுத்துவது சாமிக் குற்றம் என்று அவிநாசி சொன்னதால் மூன்று சுற்று. ஷெரின் விதிமுறைத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். அதிலும் கால் என்றுதான் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் பாஸ் போட்டாள்.

இரண்டாவது அறையில் நாலு சுவரிலும் நாலு பொத்தான். நால்வரும் சேர்ந்தாற்போல் அழுத்தினால் கதவு திறக்கும், பத்து நிமிஷம்தான் அவகாசம் என்றாள் ஷெரின். கிட்டுசாமி மணி பார்த்தான். பத்தே முக்கால்.

"வெள்ளிக்கெழம பத்தரையிலிருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலமப்பா."

தெய்வசிகாமணி சுட்டதுபோல் கையை எடுத்தான். "அண்ணா, அமுக்குங்கண்ணா, டைம் போகுது" என்று ஷெரின் கத்தினாள்.

"அம்மணி, இது பொண்ணு விசயம். ராகு காலத்துல நீங்க தாலி கட்டிக்குவீங்களா?" என்றான் தெய்வசிகாமணி.

ஷெரினுக்கு அடுத்த மாதம்தான் கல்யாணம். அவளுக்கும் ராகு காலத்தில் பயம் இருந்தது போலிருக்கிறது, வேறு கூட்டமும் இல்லை. பத்து நிமிஷக் கடிகாரத்தை எட்டுத் தடவை முதலிலிருந்து ஓடவிட்டாள். பன்னிரண்டு அடித்ததும் நால்வரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, பொத்தானை அழுத்தினார்கள்.

மூன்றாவது அறையில் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி எங்கேயோ ஒளிந்திருக்கிறது, சுவரில் உள்ள கணக்குகளைப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கைப் பார்த்ததும் தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பொறக்கும்போதே எனக்குக் கல்யாண ரேகை இல்லீங்கடா" என்று உட்கார்ந்துவிட்டான்.

மற்ற மூவரும் அவனைத் தேற்றவில்லை. வேலையில் இறங்கிவிட்டார்கள். ஆயிரம் பேர் உட்காரும் பந்தலை ஒரு மணி நேரத்தில் பிரிக்கிறவர்களுக்கு ஒரு அறை எம்மாத்திரம்? அலமாரி, மேஜை, தரைவிரிப்பு, மின்விசிறி எல்லாம் தனித்தனியாக வந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தபோது சாவி விழுந்தது. ஏழு நிமிஷம். இதுவரை யாரும் அப்படி முடித்ததில்லை. கதவைத் திறந்ததும் தெய்வசிகாமணி மூவரையும் கட்டிப்பிடித்து அழுதான்.

அப்போதுதான் கதவில் இருந்த அறிவிப்பை அவிநாசி வாசித்தான்: "அறையை நீங்கள் வந்தபோது இருந்தபடியே விட்டுச் செல்லவும்."

பந்தல்காரனுக்கு இது புதுசா? குழியை மூடி, ஆணியைப் பொறுக்கி, இருந்தபடி விட்டுவருவதுதான் அவர்கள் தொழில் தர்மம். எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார்கள்.

"நாம வந்தப்ப கதவு எப்படி இருந்துச்சு?"

"பூட்டியிருந்துச்சு."

பூட்டினார்கள்.

"சாவி?"

"கடியாரத்துக்குள்ள."

சாவியைப் போட்டுக் கடிகாரத்தையும் மூடியாயிற்று. நால்வரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள்.

ஷெரின் ஓடிவந்து தன் சாவியால் திறந்தாள். "அண்ணா, ஜெயிச்சுட்டீங்க, வெளிய வாங்க!"

"சாத்துங்க அம்மணி, சாத்துங்க! இப்பத்தான் பழையபடி ஆக்கியிருக்கறோம்."

வெளியே போனால் விதியை மீறியதாகும், மீறினால் முடித்ததாக ஆகாது, ஆகாவிட்டால் கோகிலவாணி இல்லை. தெய்வசிகாமணி அசைய மறுத்துவிட்டான். ஷெரின் நெற்றியில் அடித்துக்கொண்டு, அவனிடமே நம்பர் வாங்கி, கோகிலவாணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"எங்க அண்ணனுங்க எல்லாத்தையும் வாரி எறைச்சுப் போட்டுட்டு வந்தானுங்க. இவரு எடுத்து வெச்சாரா?" என்று கேட்டாள் கோகிலவாணி. "கட்டுனா இவரைத்தானுங்க கட்டுவேன். வெள்ளிக்கெழமையா வேற இருக்குது, அங்கயே வந்து பூ வெச்சுக்கறோம்."

சாயங்காலம் கோகிலவாணியோடு சேர்த்துப் பெண் வீட்டார் ஆறு பேரும், பூக்கூடையோடு தெய்வசிகாமணியின் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். ஷெரின் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளேயே தட்டு மாற்றி, கோகிலவாணி தலையில் பூ வைத்து, ஆளுக்கு ரெண்டு லட்டு சாப்பிட்டார்கள். தெய்வசிகாமணி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் அம்மாவே பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த அம்மா கதவை இழுத்துச் சாத்தினாள், அது தானாகப் பூட்டிக்கொண்டது.

"அம்மா, மாப்பிள்ளையும் அவங்க கூட்டாளிகளும் எங்க?" என்று ஷெரின் பதறினாள்.

"ஏங் கண்ணு, கதவுல எழுதியிருக்கறதை நீ படிக்கலையா?" என்றாள் அம்மா. "நாங்க வந்தப்ப உள்ள நாலு பேரு இருந்தாங்க. எண்ணிப் பாத்து, சரியா நாலு பேரை விட்டுட்டுத்தான் வந்திருக்கறோம்."