புற்றின் உச்சியில் ஓர் ஓட்டை

ஒரு காட்டில், யானையே முதுகு சொறிய வந்து நிற்கும் அளவுக்கு உயரமான கறையான் புற்று ஒன்று இருந்தது. "வேலைக்குப் புதியவர்கள் தேவை. அனுபவம் வேண்டாம்" என்று கறையான்கள் ஒருநாள் அறிவித்தன. அவ்வளவுதான், காட்டுப் பூச்சிகளெல்லாம் வரிசை கட்டி நின்றுவிட்டன!

கடைசிச் சுற்றில் மிஞ்சியது குளவியும் பொன்வண்டும்தான். இருந்ததோ ஒரே ஓர் இடம்.

குளவி கெட்டிக்காரன்; அதைவிட அவசரக்காரன். பொன்வண்டு பயந்த சுபாவம். போன இடமெல்லாம் "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்றே அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வரும் மழைக்கு ஒதுங்க அதற்கு இடம் கிடையாது. பாவம்!

தேர்வு நடத்திய கறையான் அக்கா, "புற்றைச் சுற்றிப் பாருங்கள். திருத்த வேண்டியது இருந்தால் திருத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது.

உள்ளே நுழைந்த பொன்வண்டு வாயைப் பிளந்தது. எத்தனை பாதைகள்! எத்தனை அறைகள்! அத்தனையும் இந்தக் குட்டிக் கறையான்கள் வாயில் மண் சுமந்து கட்டியவை. வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளேயோ ஜிலுஜிலுவென்று காற்று.

"அம்மாடி! இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?" என்று அது தன்னை மறந்து நின்றது.

"வேடிக்கை பார்க்கவா வந்தாய்?" என்று சிரித்தது குளவி. "அதோ, உச்சியில் எவ்வளவு பெரிய ஓட்டை! மழை பெய்தால் எல்லாம் பாழ். இதோ அடைக்கிறேன்."

"பொறு அண்ணே! அது எதற்கு இருக்கிறது என்று கேட்டுவிடலாமே?"

"கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். நீ வேண்டுமானால் கேள்!"

குளவி மண்ணைக் குழைத்து, நொடியில் ஓட்டையை வழவழவென்று பூசிவிட்டது. அழகான வேலை, குறை சொல்ல முடியாது.

காற்று நின்றது. புற்று அடுப்பாய்க் கொதித்தது. கறையான் குஞ்சுகள் மூச்சுத் திணறின. "ஐயோ, காற்று வரும் வழியை அடைத்தது யார்?" என்று கறையான்கள் அலறியடித்து ஓடி மண்ணைப் பெயர்த்தன. குளிர்ந்த காற்று மெல்லத் திரும்பி வந்தது. பொன்வண்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பெரிய புற்று மூச்சு விடுகிறதே!

"நீ ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்று அக்கா அதனிடம் கேட்டது.

"எனக்கு ஒன்றுமே புரியவில்லை அக்கா. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்தேன்." வேலை போயிற்று என்று பொன்வண்டு தலையைக் குனிந்துகொண்டது.

"எங்கள் குஞ்சுகளை உன்னை நம்பி விடலாம். நாளையே வந்துவிடு" என்றது அக்கா.

நீதி: புரியாததில் கை வைக்காதே, முதலில் கேள்.