சரக்குத் தராசில் ஒரு மோதிரம்

மேலாளர் ஏகாம்பரம் வாங்கிவந்த டார்க் ரெஞ்ச் முழங்கை நீளம். அளவு பார்த்து முறுக்கும் கருவி.

"எல்லா நட்டுக்கும் இது ஒண்ணே போதும். விமானத்தோட எரிபொருள் குழாயில இருக்குற இந்தக் குட்டி நட்டையும் இதுலயே முறுக்கி, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடு. இல்லாட்டி வேலையை விட்டுக் கிளம்பு."

அந்தப் பெரிய ரெஞ்சில் சின்ன அளவு தெரியாது; முறுக்கு கொஞ்சம் கூடினாலும் நட்டின் மரை போய்விடும். மெக்கானிக் செண்பகவல்லி தலையாட்டினாள்.

"போடுறேன் சார். முதல்ல உங்க மோதிரத்தை அந்தச் சரக்குத் தராசுல வைங்க."

விமானத்தில் ஏற்றும் சரக்குப் பெட்டிகளை நிறுக்கும் தராசு அது. வைத்தார். முள் அசையவே இல்லை.

"எடையே இல்லையே சார். குப்பையில போட்டுடவா?"

ஏகாம்பரம் மோதிரத்தை வெடுக்கென்று எடுத்தார். "டன் கணக்கா நிறுக்குற தராசுக்கு இத்தனூண்டு எடை எப்படித் தெரியும்?"

செண்பகவல்லி நீட்டு ரெஞ்சை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த நட்டும் அதைத்தான் சார் சொல்லுது."

சின்ன ரெஞ்ச் வரும்வரை விமானம் நகரவில்லை.