தூணில் ஒட்டிய சிவப்பு

காண்ட்ராக்டர் தெய்வசிகாமணியின் சிவப்புக் கார் பம்பரில் ஆழமாக ஒரு கீறல். பழி முழுக்க டிரைவர் இசக்கிமுத்து தலையில் விழுந்தது.

"எங்கேயோ உரசிட்டு முழிக்கிறியா? ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் விட முடியாது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்!"

மூன்று நாள் முதுகு ஒடியத் தேய்த்தான். கார் கமகமவென்று மணத்தது. கீறல் அப்படியே இருந்தது.

"இன்னுமாடா போகலை?"

"நகம் மாட்டுற அளவு ஆழமான கீறல் தேய்ச்சாப் போகாதுய்யா. பெயிண்ட்தான் அடிக்கணும்."

"பைசா செலவில்லாம அடி!"

"சரிய்யா. உரிஞ்ச பெயிண்டையே சுரண்டிப் பூசிடுறேன்."

"அது எங்க இருக்கு?"

"நம்ம வீட்டு கேட் தூண்ல. போன ஞாயித்துக்கிழமை நான் லீவுல இருந்தப்ப நீங்கதானே வண்டியை எடுத்தீங்க?"

காண்ட்ராக்டரின் குரல் இறங்கியது. "என் வீட்டுக்காரிக்கு இது தெரியுமா?"

"தூணைக் காட்டினதே அவங்கதான்யா."