நான்காவது லென்ஸ்

“இதுலயும் ஒரு பக்கம் மங்குற மாதிரி இருக்கும்மா” என்றார் ஆறுமுகநயினார்.

பிரிசில்லா நிமிரவில்லை. அவள் முன்னால் யாருடைய கேமராவோ பிரிந்து கிடந்தது.

“எதைப் படம் எடுத்துப் பாத்திய, அண்ணாச்சி?”

“சுவரை.”

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவளுடைய ரிப்பேர் கடை. அவளுக்கு வயது முப்பத்து நாலு. ஆறுமுகநயினாருக்கு அறுபத்திரண்டு, நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணிடம் சீடனாக உட்கார அவர் கூச்சப்பட்டதில்லை. வேறெங்கும் அவரை உட்காரச் சொல்ல ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அவர் புதிதாக வாங்கியிருந்த லென்ஸ் ஐம்பது எம்எம், ஒன்று புள்ளி நாலு. ஜூம் கிடையாது. கிட்டே போக வேண்டுமென்றால் காலால் நடந்துதான் போக வேண்டும். அதன் துளையை முழுதாகத் திறந்தால் கொஞ்ச வெளிச்சமே போதும். ஆனால் அப்போது கூர்மையாக விழுவது ஒரு விரல் கனம்தான், மற்றதெல்லாம் கரைந்துவிடும்.

மற்றவர்கள் லென்ஸ் வாங்கினால் படம் எடுப்பார்கள். இவர் சோதிப்பார். மொட்டைமாடிச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து முந்நூறு படம் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிக் குறை தேடுவார். இவ்வளவு தேடினால் கிடைக்காமலா போகும்? ஏற்கெனவே மூன்று லென்ஸ்கள் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன.

நான்காவதையும் திருப்பினால் இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று பிரிசில்லா சொல்லியிருந்தாள். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவள் அவள் ஒருத்திதான். திருப்பித் தர லென்ஸ் கடைக்காரர் கொடுத்த கெடுவும் மறுநாள் மாலையோடு முடிகிறது.

“அப்ப எப்படித்தான் சோதிக்க?”

“சன்னல் பக்கத்துல ஒரு ஆளை உக்கார வையுங்க. முழுசாத் திறந்துக்கிடுங்க. லென்ஸ் எவ்வளவு கிட்ட விடுமோ அவ்வளவு கிட்டப் போயி, கண்ணை எடுங்க. சிரிக்கச் சொல்லக் கூடாது.”

“அதுக்கு ஆள் இல்லியேம்மா.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“நானும் வீட்டுக்காரியும்தான்.”

பிரிசில்லா கீழே விழுந்த திருகாணியைத் தேடத் தொடங்கினாள்.

*

மனைவி உலகம்மாளிடம் அதைக் கேட்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மகன் வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அவர் மாடியில் சுவரோடு இருந்தார். அவள் கீழே டிவியோடு இருந்தாள்.

எதற்கு என்று கேட்டாள். லென்ஸைச் சோதிக்க என்றார். அவள் உள்ளே போய் முகம் கழுவி, வேறு பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் அளவு நாடாவை எடுத்தார். கேமராவுக்கும் அவள் மூக்குக்கும் நடுவே பிடித்தார். ஒன்றரை அடி. அவ்வளவு கிட்டே இருவரும் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதை அந்த நாடாவால் அளக்க முடியாது.

அவள் முகத்தைச் சற்று ஒருபக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

“நேரா என்னைப் பாரு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

வலது கண்ணை ஆறு படம் எடுத்தார். இடது கண்ணை ஐந்து. ஆயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் அதற்குள் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்விட்டார்.

*

மறுநாள் காலையில் லென்ஸைப் பெட்டியில் போட்டு ஒட்டியே கொண்டுவந்தார்.

“வலது கண்ணு விழுற பக்கம் சுத்தமா இருக்கு. இடது கண்ணு விழுற பக்கம் அஞ்சு படத்துலயும் மங்கல். நடுவுல வெள்ளையா ஒரு படலம். இதையும் அனுப்பத்தான் வேணும்.”

நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்வாளா என்று தெரியவில்லை.

பிரிசில்லா படங்களைத் திரையில் திறந்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

“இமை முடி தெரியுதா, அண்ணாச்சி?”

“ஒவ்வொண்ணாத் தெரியுது.”

“வெள்ளை முழியில ஓடுற செவப்பு நரம்பு?”

“தெரியுது.”

“அப்ப லென்ஸ் எங்க மங்குது?”

காட்டுவதற்காக அவர் விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். பாதியில் நின்றுவிட்டது. அந்தப் படலம் ஐந்து படத்திலும் ஒரே இடத்தில் இருந்தது. கண்மணிக்குள்ளே மட்டும் இருந்தது. அதைத் தாண்டி ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

பிரிசில்லா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்தார்.

“லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல” என்றாள். “அக்கா கண்ணுல புரை விழுந்திருக்கு. நல்லா முத்திட்டு.”

அவருக்கு அழுகை வந்தது. திரையில் இருந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாளா இருந்திருக்கும்?” என்று கேட்டார்.

“அதை எங்கிட்டயா கேக்கிய?”