அத்திக்குக் காவல்

அத்தி பூப்பதில்லை, பூத்தாலும் யுகத்துக்கு ஒருமுறைதான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இது கடுமையான பிழை; உடனே திருத்தப்பட வேண்டியது. அத்தி தவறாமல் பூக்கிறது. காய் என்று நாம் நினைப்பதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூக்கிறது. நமக்கு அழைப்பு வைப்பதில்லை, அவ்வளவுதான்.

மாசானமுத்து வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் சீமை அத்தி காய்த்திருந்தது. அவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர்.

தென்காசிக்கு வெளியே ஒரு சிறு மடம். அதை நடத்திய வடிவம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அங்கே சீடர்களுக்குப் பாய் உண்டு. மற்றவர்கள் நின்றுதான் பேச வேண்டும்.

மாசானமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னையும் சேத்துக்கிடணும் தாயே."

"வீட்டுல என்ன மரம் நிக்கு அண்ணாச்சி?"

"அத்தி. தொட்டியில."

"மரத்துலயே பழுத்த பழம் ஒண்ணு கொண்டாங்க. ஆடி பிறந்ததும் நான் காசிக்குப் போறேன். திரும்புவேனான்னு தெரியாது. அதுக்குள்ள கொண்டாங்க."

இவ்வளவுதானா என்று அவர் நினைத்தார்.

மறுவாரம் வெறுங்கையோடு வந்தார்.

"களவு போயிட்டு தாயே."

"யாரு வேலை?"

"கொண்டைக்குருவி. தலையில கொண்டை, வாலடியில சிவப்பு. எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லுவேன்."

"பிடிச்சீங்களா?"

அதற்கான பதிலை மாசானமுத்துவின் மனைவி உலகம்மாள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"பொம்மை செஞ்சு உங்க தொப்பிய வேற மாட்டுனீங்க. அதுமேல உக்காந்துல்லா குருவி பழத்தைத் திங்குது. நல்ல காவலு!"

அடுத்த முறை அவர் முந்திக்கொண்டார். காய் கல்லாக இருக்கும்போதே பறித்து, அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்து எடுத்துவந்தார். பறித்த அத்திக்காய் பழுக்காது என்பதை அரிசிப் பானை அவரிடம் சொல்லவில்லை.

வடிவம்மை கடித்தார். துப்பினார்.

"குத்தம் நடக்கதுக்கு முந்தியே கைது பண்ணிட்டீங்க அண்ணாச்சி."

மாசானமுத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். பழைய காக்கிச் சட்டைகளை எடுத்து மனைவியின் தையல் மெஷின்மேல் போட்டார்.

"மெடல் குத்துன சட்டைங்க இது!"

"வெட்டு."

காய்க்கு ஒரு பை. ஒன்று விடாமல் மூடி, வாயைச் சுருக்கிக் கட்டினார். குருவி வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திட்டிவிட்டுப் போனது.

ஆனி முடியப் போகும்போது மறுபடி மடத்துக்கு வந்தார். கையில் பழம் இல்லை.

"இப்ப என்ன?"

"திறந்து திறந்து பாத்தேன். கைபட்டு ஒண்ணு உதிர்ந்துட்டு. சரின்னு திறக்காம விட்டேன். அடுத்தது உள்ளேயே புளிச்சுப் போச்சு. எப்பம் பழுக்குன்னே தெரியல. ஆனா விட மாட்டேன் தாயே."

"குருவி என்னைக்காவது காயைக் கொத்தியிருக்கா?"

"இல்ல."

வடிவம்மை கையை நீட்டினார்.

"மரத்துலேருந்து ஒரு பையை அவுத்து எங்கிட்ட கொண்டாங்க. காய் அங்கேயே இருக்கட்டும்."

"திருடனுக்கு நானே கதவைத் திறந்து விடவா?"

"பையைக் கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தார். வடிவம்மை அதை மடித்துத் தாம் உட்காரும் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆனியின் கடைசி நாள். விடிந்ததிலிருந்து மாசானமுத்து மாடியில் கம்போடு இருந்தார். பையில்லாத அந்த ஒற்றைக் காயை விட்டுக் கண் எடுக்கவில்லை.

குருவி வந்தது. கொத்தியது.

கம்பை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

குருவி நிதானமாகத் தின்றது. அவர் கம்பைச் சுவரோரம் சாத்திவிட்டு, பக்கத்துக் காயின் பையை அவிழ்த்தார். கழுத்துத் துவண்டு தொங்கியது பழம். அடியில் ஒரு சொட்டுத் தேன்.

மடத்தில் பயண மூட்டை கட்டியாகிவிட்டது. வடிவம்மை பழத்தைப் பிட்டு, பாதியை அவரிடம் கொடுத்து, மீதியைத் தின்றார்.

"பழுத்துட்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"துப்பு வந்தது தாயே."

"யாரு குடுத்த துப்பு?"

மாசானமுத்து விறைப்பாக நிமிர்ந்தார்.

"அதை வெளிய சொல்லுற வழக்கம் கெடையாது."

வடிவம்மை எழுந்துபோய், சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துவந்து விரித்தார்.

அடுத்த காய்ப்பின்போது உலகம்மாள் மாடிக்குப் போய்க் காய்களை எண்ணிவிட்டு வந்து, பை ஒன்று குறைத்துத் தைத்தாள்.