நீலத்திரை கேட்டது

“இந்த லேப்டாப் என்னை நம்ப மாட்டேங்குது, வாத்தியாரே.”

சிவசைலம் சொன்ன விதத்தைப் பார்த்தால், ஊரே கூடி அவரைக் கைவிட்டதுபோல் இருந்தது.

பீர்மைதீன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தென்காசியில் ஒரு மாடி அறையில் லினக்ஸ் சொல்லிக்கொடுப்பவர். இருவருக்கும் ஒரே வயது, ஐம்பத்து மூன்று. ஆனாலும் அவர் குரு, இவர் சீடர்.

“என்ன வே செஞ்சீரு?”

“விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸையும் போட்டேன். ஏறிட்டு. வைஃபை மட்டும் வரல. அதை ஓட்டுற டிரைவர் புரோகிராமைத் தெரியாதுன்னு, பெட்டிக்குக் காவல் நிக்கிற செக்யூர் பூட் உள்ள விடமாட்டேங்குது.”

“உம்ம டிஜிட்டல் சாவியை அதுல பதிஞ்சு, இது நம்மாளுதான்னு சொன்னா விட்டுருமே.”

“சொன்னேனே. பாஸ்வேர்டு வைன்னுச்சு, வச்சேன். ரீஸ்டார்ட் பண்ணுன்னுச்சு, பண்ணுனேன். வந்து பாத்தா பழையபடிதான். எத்தனையோ தடவை பாத்துட்டேன்.”

“அப்புறம்?”

“காலையில கோவத்துல செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிட்டேன். உடனே விண்டோஸ் கதவைச் சாத்திட்டு, ரிக்கவரி கீங்கிற நீள நம்பர் எங்கன்னு கேக்குது. அப்படி ஒண்ணு இருக்கதே எனக்குத் தெரியாது. நான் போட்ட வீட்டு பிளான் பூராவும் அதுக்குள்ள. வேர்த்து ஊத்திட்டு. மறுபடி ஆன் பண்ணுன பிறகுதான் திறந்துச்சு.”

“சோத்துல மண்ணு விழுந்துட்டுன்னு நினைச்சீராக்கும்.”

பீர்மைதீன் சிரித்தார். சிவசைலம் சிரிக்கவில்லை.

விண்டோஸில் இருந்த வரைபடங்கள்தான் அவருக்குச் சோறு. மனசு மட்டும் இந்த மாடியில் கிடந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழை வாசித்துக்காட்டும் புரோகிராம் ஒன்றை இங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கை கொடுக்கத்தான் லினக்ஸ்.

“ஒரு பெட்டிக்குள்ள ரெண்டையும் வச்சுக்கணும்னு நினைச்சதே பேராசையோ, வாத்தியாரே? ஒழுங்கா ஒரு ஆளா இருக்கத் தெரியாதவன் ரெண்டு ஆளா எப்படி இருப்பான்?”

பீர்மைதீன் கடலையை ஊதினார். தோல் பறந்தது.

“இன்னைக்கும் ஆகலேன்னா லினக்ஸை அழிச்சிருவேன். இங்க வாரதும் இன்னையோட சரி.”

“என் கண்ணு முன்னாடி ஒரு தடவை பண்ணும்.”

சிவசைலம் செய்தார். எல்லாம் சரியாகவே செய்தார். பாஸ்வேர்டு வைத்தார். ரீஸ்டார்ட் கொடுத்தார். திரை இருண்டது.

எழுந்து வாசலுக்கு நடந்தார்.

“எங்க போறீரு?”

“டீ சொல்லிட்டு வாரேன். அதுக்குள்ள அது ஆகிரும்.”

“ஒவ்வொரு தடவையும் டீக்குப் போயிருவீரோ?”

சிவசைலம் நின்றார். அப்படித்தான் போயிருந்தார். திரை இருண்டதும் அவரால் அங்கே இருக்க முடியாது. பரீட்சை முடிவு வந்த அன்று குளத்தங்கரையில் இருந்தார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இருந்தார். எல்லாச் சேதியும் பிறர் சொல்லித்தான் அவருக்கு வந்து சேர்ந்தது.

“பாக்கத் தைரியம் இல்ல, வாத்தியாரே.”

“தைரியம் எதுக்கு வே? உக்காரும். நாற்காலிதான் இருக்கே.”

உட்கார்ந்தார்.

திரை நீலமாக விரிந்தது. அதில் ஒரே ஒரு வரி. கீழே ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. சிவசைலம் இதுவரை பார்க்காத திரை.

“இது எப்ப வந்துச்சு?”

“எப்பவும் வரும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். யாரும் இல்லேன்னா சாவியைப் பதியாமலே அது பாட்டுக்குப் போயிரும்.”

எண் குறைந்தது. சிவசைலத்தின் விரல்கள் விசைகளுக்கு மேலே தவித்தன.

“என்னவோ கேக்குதே. எந்த பட்டனை அழுத்தணும்?”

“எதையாவது அழுத்தும்.”

“தப்பாப் போயிட்டா?”

“அதுல தப்பே கிடையாது வே. ஆள் இருக்கானான்னுதான் கேக்குது.”

சிவசைலத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. சிரித்துக்கொண்டே, “இருக்கேன்” என்று பெட்டியிடம் சொல்லி, உள்ளங்கை முழுவதையும் விசைகளின் மேல் வைத்தார்.